பேக்குகளுக்குக் காவல் இருந்தது போதும்



போன கிழமை நான் போட்ட ஒரு போட்டோவுக்கு வந்த கருத்துக்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத நினைத்தேன். எழுதினால் அது சண்டையில்தான் முடியும். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். பாதியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குரூப்களில் போடாமல், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். அதற்குப் பிறகு ஏசினாலும் பரவாயில்லை.

போட்டோ இதுதான். ஜோர்தானில் சாக்கடல் கரை. முழங்கால் அளவு தண்ணீரில் மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். உம்மா, நான், என்னுடைய 11 வயது மகள். மூவரும் தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில். முகம்கூடத் தெரியாது.

இதற்கு வந்த கருத்துக்கள் மூன்று வகை. "அது அல்லாஹ்வின் சாபம் இறங்கிய இடம், அங்கே போய் குளிப்பா?" என்பது ஒன்று. "ஒரு முஸ்லிம் பெண் தண்ணீரில் இறங்குவதைப் படம் எடுத்துப் போடலாமா, ஹயா எங்கே?" என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது. "டீச்சரே இப்படி என்றால் நம் பெண் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?"

நல்ல கேள்வி. எதைப் படிப்பார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

காக்கா அம்மானில் தொழில் பார்க்கிறார். ஏப்ரல் லீவுக்கு டிக்கட் போட்டு உம்மாவையும் எங்களையும் அழைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரு வேனில் சாக்கடலுக்குப் புறப்பட்டோம். மச்சி விடியற்காலையில் எழும்பி புரியாணி சமைத்துச் சட்டியோடு ஏற்றினா. அம்மான் மலை மேல் உள்ள நகரம். அங்கிருந்து ஒரு மணித்தியாலம் இறங்கிக்கொண்டே போகவேண்டும். வழியில் 'கடல் மட்டம்' என்று ஒரு குறி இருக்கிறது. அதையும் தாண்டிப் பாதை கீழே போகிறது. காது அடைக்கிறது. சாக்கடல் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 430 மீற்றருக்கும் கீழே. உலகத்தில் தரைமேல் இதைவிடத் தாழ்ந்த கரை கிடையாது.

பேர்தான் கடல். உண்மையில் அது ஓர் ஏரி. வந்த தண்ணீர் வெளியே போக வழி இல்லை. வெயிலில் ஆவியாகித்தான் போகவேண்டும். உப்பு மட்டும் மிஞ்சுகிறது. எங்கள் ஊர்க் கடலில் ஒரு கிலோ தண்ணீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அங்கே 340 கிராம் அளவில். அந்தத் தண்ணீரில் ஒரு லீற்றர் 1.24 கிலோ நிறை. நம் உடம்பு அதைவிட இலேசானது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் பரிசோதனையை வகுப்பில் செய்து காட்டுவோமே, அதே கணக்குத்தான். முட்டைக்குப் பதில் மனிதன்.

எதிர்க்கரையில் தெரிவது பலஸ்தீனத்து மலைகள். உம்மா அதைப் பார்த்து நீண்ட நேரம் கையேந்தி துஆ செய்தா.

அதன்பின் நடந்தது எங்கள் ஊரில் எல்லாப் பயணங்களிலும் நடப்பதுதான். காக்கா, என் கணவர், ஆண் பிள்ளைகள் எல்லோரும் உடுப்பை மாற்றிக்கொண்டு இறங்கினார்கள். உம்மா, மச்சி, நான், என் மகள் நான்கு பேரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி பேக்குகள், செருப்புகள், போன்கள், துவாய்கள், புரியாணிச் சட்டி. காக்கா தண்ணீரில் மல்லாந்து படுத்துப் பத்திரிகை வாசிப்பதுபோல் காட்டினார். நான் படம் எடுத்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சின்ன வயதிலிருந்து நான் உட்கார்ந்த இடம் அதுதான்.

மகள்தான் கேட்டாள். "உம்மா, இதில ஆரும் தாழமாட்டாங்கண்டு மாமா சொன்னாரே. அப்ப நாங்க ஏன் இறங்கல்ல?"

என்னிடம் பதில் இல்லை. 'தண்ணி ஆழம்' என்று சொல்லமுடியாது. 'உனக்கு நீந்தத் தெரியாது' என்றும் சொல்லமுடியாது, அங்கே நீந்தத் தெரியவேண்டியதே இல்லை. 'பொம்புளப் புள்ளைகள் இறங்கப்படாது' என்று சொல்லப் பார்த்தால், எங்களுக்குப் பத்து அடி தூரத்தில் ஜோர்தான் நாட்டு உம்மாமார் முழு உடையோடும் ஹிஜாபோடும் தண்ணீரில் மிதந்துகொண்டு கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவர்களுடைய மாப்பிள்ளைமார், பிள்ளைகள்.

உம்மாதான் முதலில் எழும்பினா. "வா மகள், எறங்கிப் பாப்பம்" என்று பேத்தியின் கையைப் பிடித்தா. என் உம்மா 2004 இற்குப் பிறகு கடலில் கால் நனைக்காதவர். அது ஏன் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மச்சி பேக்குகளோடு இருந்துகொண்டா. பிறகு என் கணவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து மச்சியை அனுப்பினார். அந்தப் படத்தை எடுத்தவரும் அவர்தான்.

இனி கருத்துக்களுக்கு வருகிறேன்.

சாபம் இறங்கிய இடம் என்கிறீர்கள். தபூக் போகும் வழியில் ஸமூத் கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ரைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி அங்கே நுழையவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், அவ்விடத்தை விரைவாகக் கடந்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. அந்த ஹதீஸ் ஹிஜ்ரைப் பற்றியது. லூத் (அலை) அவர்களுடைய சமூகத்தின் ஊர் தலைகீழாகப் புரட்டப்பட்டது, கல்மாரி பொழிந்தது என்று குர்ஆன் சொல்கிறது. அந்த ஊர்தான் சாக்கடல் ஆனது என்று குர்ஆன் சொல்லவில்லை. அந்தப் பகுதிதான் என்று கருதி, அதற்கும் அதே சட்டத்தைச் சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். இடம் உறுதியாகவில்லை, ஆகவே தடுக்கமுடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். முதல் கருத்தைப் பேணுதலாக எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊர் ஆண்கள் ஜோர்தானுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் போய்வந்து இதே சாக்கடலில் மிதக்கும் படங்களைப் போடுவது இன்று நேற்றா? முகத்தில் சேறு பூசிக்கொண்டு நிற்கும் படங்கள், வயிற்றைக் காட்டிக்கொண்டு பத்திரிகை வாசிக்கும் படங்கள். அவற்றுக்குக் கீழே 'மாஷா அல்லாஹ்', 'நமக்கும் நஸீபாகட்டும்', 'எங்கள ஏன் கூட்டிப்போகல்ல ஹாஜி?' என்றுதானே எழுதினீர்கள்? எனக்குச் சாபத்தைப் பற்றி எழுதிய ஒருவருடைய சொந்தப் பக்கத்திலேயே அப்படி ஒரு படம் இருக்கிறது. பேர் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும். பெண் இறங்கியவுடன் மட்டும் ஞாபகத்துக்கு வருகிற சாபம் என்ன சாபம்?

ஸாஃப்பாத் சூராவின் 137, 138 ஆவது வசனங்களைத் திறந்து பாருங்கள். காலையிலும் இரவிலும் அந்த ஊர்களைக் கடந்து போகிறீர்களே, சிந்திக்கமாட்டீர்களா என்று அல்லாஹ் கேட்கிறான். சிந்திக்கச் சொன்னான். எந்தப் படத்துக்கு யார் லைக் போட்டார் என்று எண்ணச் சொல்லவில்லை.

அடுத்தது ஹயா. நனைந்த உடை உடம்போடு ஒட்டும், அதைக் கவனிக்கவேண்டும் என்று ஒரு சகோதரி மரியாதையாக எழுதியிருந்தா. அது நியாயமான பேச்சு. நாங்கள் போட்டிருந்தது தடித்த, இருண்ட நிறத் துணி. கரை ஏறியவுடன் துவாயால் போர்த்திக்கொண்டோம். பெண்களுக்குத் தனி இடம், தனி நேரம் இருந்தால் அதுதான் மிகச் சிறந்தது. அதைத்தான் இந்தப் பதிவின் கடைசியில் கேட்கப்போகிறேன். ஆனால் அவ்ரத் பற்றிப் பேசும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தொப்புளிலிருந்து முழங்கால்வரை ஆணுக்கும் அவ்ரத் என்று அஹதிய்யாவில் எல்லோரும்தான் படித்தோம். முழங்காலுக்கு மேலே ஏறிய கட்டைக் காற்சட்டையோடு கடற்கரைப் படங்கள் போடுகிறீர்கள். அந்தப் படங்களுக்குக் கீழே ஹயாவைப் பற்றி ஒரு வரி நான் இதுவரை வாசித்ததில்லை.

மூன்றாவது கேள்வி, பெண் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

இமாம் நஸாயீ தனது அஸ்ஸுனனுல் குப்ராவில் பதிந்திருக்கும் ஒரு ஹதீஸில், வீண் விளையாட்டில் சேராத நான்கு விடயங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஒருவர் தன் குடும்பத்தோடு விளையாடி மகிழ்வது. இன்னொன்று நீச்சல் கற்பது. உங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்களின் பெயரால் சொல்லப்படும் வார்த்தையை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதில் பிள்ளைகள் என்பதற்கு உள்ள அரபுச் சொல் அவ்லாத். அந்தச் சொல்லில் மகனும் மகளும் அடக்கம். சூரா நிஸாவின் 11 ஆவது வசனம் வாரிசுரிமை பேசும்போது அவ்லாத் என்று சொல்லிவிட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு பிரிக்கிறது. சொத்துப் பிரிக்கும்போது மகளும் அவ்லாத். நீச்சல் என்று வந்தால் மட்டும் மகன்தான் அவ்லாதா?

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். கிழக்கில் கடல். மேற்கில் வயல், அதற்கப்பால் குளங்களும் ஆறுகளும். நடுவில் களப்பும் தோணாவும். மார்கழி மழைக்குப் பள்ளமான வளவுகளெல்லாம் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்கும் சமூகம் நாம். பாலர் பாடசாலையிலிருந்து உயர்தரம் வரை நம் பெண் பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். மிதக்க மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது 14 வயது. இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் போனார்கள். காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கையில் குழந்தை இருந்தது. நீளமான உடுப்பு காலைச் சுற்றியது. மரம் ஏறப் பழகவில்லை. நீந்தப் பழகவில்லை. உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, அன்று கைக்குழந்தையோடு போனவ. சாச்சா தென்னை மரத்தைப் பிடித்துத் தப்பினார். நீந்தத் தெரிந்திருந்தால் சாச்சி பிழைத்திருப்பா என்று நான் சொல்லமாட்டேன். நீந்தத் தெரிந்த மீனவர்களும் அன்று போனார்கள். கத்ர் அல்லாஹ்வுடையது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் நாம்தான்.

சுனாமி நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்பீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாலம் கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் போனார்கள். 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த ஜனாஸாக்களுக்குப் போனவர்கள் இதை வாசிக்கிறவர்களில் இருக்கிறீர்கள். அந்த வெள்ளத்தில் நீச்சல் தெரிந்தாலும் தப்பியிருப்பார்களா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். நான் சொல்வது இதுதான். நாம் தண்ணீரில் இறங்காவிட்டாலும் தண்ணீர் நம்மிடம் வருகிறது. பாடசாலை போகும் வழிக்கு வருகிறது, வீட்டு வாசலுக்கு வருகிறது. அது ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்த்து வருவதில்லை.

ஒருவர் கேட்டிருந்தார். "நீரில் மூழ்கிச் சாவது கூடுதலாக ஆண் பிள்ளைகள்தானே, இறங்குவதால்தானே சாகிறார்கள்? பெண் பிள்ளைகள் இறங்காமல் இருப்பதுதானே பாதுகாப்பு?" சாதாரண நாட்களில் அது உண்மைதான். குளத்திலும் கடலிலும் தாண்டுபோவது பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது யார்? கூட்டாளிமார். பாடம் நடந்த இடம் வாய்க்கால். பரீட்சை நடந்தது கடலில். அந்தப் பாடத்தில் தவறினால் ஜனாஸாதான். ஆகவே ஆண் பிள்ளைகளுக்கும் நாம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகளைக் கரையில் இருத்தியதையும் ஆண் பிள்ளைகளைக் கூட்டாளிமாரிடம் விட்டதையும் பாதுகாப்பு என்று சொல்லமுடியாது. இரண்டும் கவனிக்காமல் விட்டதுதான்.

சாக்கடலிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? மிதக்கும் என்ற தைரியத்தில் குப்புறப் படுத்தால் கால் மேலே எழும்பும், தலை கீழே போகும். நிமிர்வது கஷ்டம். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போனாலே ஆபத்து. அதில் அதிகம் இருப்பது நம் சமையல் உப்பு இல்லை, மக்னீசியம். அதனால்தான் மல்லாந்து மட்டும் படு, முகத்தை நனைக்காதே, கொஞ்ச நேரத்தில் ஏறிவிடு, நல்ல தண்ணீரில் கழுவு என்று சொல்கிறார்கள். நிமிர்வதற்கு முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் காலைக் கீழே ஊன்றவேண்டும். காக்கா இதை மகளுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தடவை அவள் தனியாகச் செய்தாள். இவ்வளவு இலேசாக மிதக்கக்கூடிய தண்ணீருக்கும் ஒரு பாடம் தேவைப்படுகிறது. அப்படியென்றால் நம் ஊர்க் கடலுக்கும் குளத்துக்கும் எத்தனை பாடம் தேவை?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போ என்பது. அன்று அந்தக் கரையில் என் மகளுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான், பேக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்வது. அதை அவளுக்குப் படிப்பித்தது நான். அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். தண்ணீரில் இறங்கியதற்கு இல்லை.

இனி நான் கேட்பது. பள்ளிவாசல் நிர்வாகிகள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர், பழைய மாணவிகள், கிழக்கில் இருக்கும் விளையாட்டுக் கழகத் தம்பிமார் எல்லோரிடமும் கேட்கிறேன்.

ஒன்று, இடம். கல்யாண வீட்டுக்குப் பெண்கள் பகுதியைத் துணிகட்டி மறைக்க அரை மணித்தியாலம் போதும் நமக்கு. ஆழமில்லாத, நீரோட்டம் இல்லாத ஓர் இடத்தை அதேபோல் மறைத்து, கிழமைக்கு ஒரு காலை பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கமுடியாதா?

இரண்டு, ஆள். ஊரில் ஐந்து இளம் பெண்களைத் தெரிவுசெய்து முறையாக நீச்சலும் உயிர்காப்பும் பழக அனுப்புங்கள். செலவை ஊர் ஏற்கட்டும். ஒரு மின்னொளிக் கிரிக்கட் சுற்றுப்போட்டிக்குச் சேர்க்கும் காசு இதற்குத் தாராளமாகப் போதும். அந்த ஐந்து பேர் திரும்பி வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆண் ஆசிரியரிடம் பெண் பிள்ளையை அனுப்புவதா என்ற கேள்வியே எழாது.

மூன்று, உடை. அபாயாவில் நூறு வகை தைக்கும் நம் ஊர்த் தையல்காரர்களுக்குத் தண்ணீருக்கேற்ற, மூடிய, காலைச் சுற்றாத ஓர் உடை தைக்கத் தெரியாதா?

நான்கு, பாடம். போட்டியும் பதக்கமும் நான் கேட்கவில்லை. மல்லாந்து மிதக்கவேண்டும். மூச்சை அடக்கவேண்டும். புரண்டு திரும்பவேண்டும். கொஞ்சத் தூரம் நகர்ந்து எதையாவது பிடிக்கவேண்டும். தாழ்கிறவரைக் காப்பாற்றக் குதிக்காமல், கயிறோ வெறும் போத்தலோ எறியத் தெரியவேண்டும். இவ்வளவுதான்.

ஐந்தாவதுக்கு நிர்வாகம் தேவையில்லை, காசும் தேவையில்லை. அடுத்தமுறை பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ குடும்பத்தோடு போகும்போது, முதல் அரை மணித்தியாலம் ஆண்கள் பேக்குகளோடு உட்காருங்கள். உம்மாவையும் மனைவியையும் மகளையும் ஓர் ஒதுக்கமான இடம் பார்த்து இறங்கவிடுங்கள். பிறகு நீங்கள் போங்கள்.

உம்மா அன்று அதிக நேரம் தண்ணீரில் நிற்கவில்லை. பேத்தியின் கையை விடாமல் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தா. தண்ணீர் தன்னைத் தூக்குவதைப் பார்த்து முதலில் பயந்தா, பிறகு சிரித்தா. திரும்பி வரும்போது வேனில் ஒன்றும் பேசவில்லை. இரவு தஹஜ்ஜுதுக்கு எழும்பியபோது சாச்சியின் பேரைச் சொல்லித் துஆக் கேட்டது எனக்குக் கேட்டது. ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் சுபஹுக்குப் பின் என்னிடம் சொன்னா, "புள்ளைக்கு நீச்சல் படிச்சுக் குடு மகள். இந்தத் தண்ணி அந்தத் தண்ணி போல தூக்காது."

எனக்கு ஏசியவர்களுக்கு என் பதில் உம்மாவின் அந்த வார்த்தைதான். இன்னும் கருத்து எழுதுவதாக இருந்தால், மேலே கேட்ட ஐந்தில் எதற்கு உங்களால் உதவமுடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் தருபவர், தையல் தெரிந்தவர், மகளை அனுப்ப விரும்பும் உம்மாமார் இன்பொக்ஸில் வாருங்கள். லீவு முடியமுதல் பத்துப் பேராவது ஒன்றுகூடிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைத் தண்ணீரிலும் தரையிலும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.